காத்திருக்கும் நேரம் யாருடையது?
லண்டன் நகரத் தொழில் வரலாற்றிலிருந்து ஒரு சிந்தனை

திருமணப் பதிவேட்டில் மணமக்களின் தொழிலைக் குறிப்பதற்கென்று ஓர் இடம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்திலேயே அது அமைந்துள்ளது. முற்காலப் போதகர்களுக்கு அவ்விடத்தை நிரப்புவதில் இடர்ப்பாடு எழுந்ததில்லை. ஆசிரியர், தச்சர், விவசாயி, மில் தொழிலாளி என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுவர். அண்மையில் நம்முடைய சபையைச் சேர்ந்த வாலிபர் ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்தபோது, நாம் அவ்விடத்தில் எழுதுகோலை நிறுத்தித் தயங்க நேர்ந்தது. அவர் கடனில் வாங்கிய காரைச் செல்பேசிச் செயலி ஒன்றின் வழியாக வாடகைக்கு ஓட்டுகிறவர். 'ஓட்டுநர்' என எழுதலாமா என்று கேட்டோம். பெண்ணின் தந்தையார், 'சொந்தத் தொழில்' என்று எழுதுமாறு வேண்டினார். மணமகனோ, "எதை எழுதினாலும் சரிதான் ஐயா. கம்பெனி என்னைப் பார்ட்னர் என்கிறது, ஆனால் நாளைக்கு எத்தனை சவாரி, என்ன வாடகை என்பது எனக்கே தெரியாது" என்றார்.

அவருடைய மறுமொழி பல நாள்கள் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒருவர் வேலையில் இருக்கிறாரா, இல்லையா என்பதே விளங்காத நிலை ஒன்று நம் சபை மக்களிடையே பரவி வருகிறது. இது கைத்தொலைபேசியோடு தோன்றிய புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. லண்டன் மாநகரின் கப்பல்துறைக் கூலிகள், டாக்சி ஓட்டுநர்கள், செயலி ஓட்டுநர்கள் ஆகிய மூன்று தொழிற்கூட்டத்தாரின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்துக் காண்போமாயின், நம் காலத்து மாற்றத்தில் பழையது எது, புதியது எது என்பது தெளிவாகும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கப்பல்துறையின் வாயிலில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் உலகின் மிகப் பெரிய துறைமுகமாக விளங்கிற்று. தேயிலை, சர்க்கரை, புகையிலை, கம்பளி, மரம் முதலிய சரக்குகள் தேம்ஸ் நதிக்கரையின் கப்பல்துறைகளில் வந்து இறங்கின. பாய்க்கப்பல்கள் காற்றையும் கடலின் ஏற்றவற்றத்தையும் நம்பி வந்தபடியால், ஒரு நாள் பத்துக் கப்பல்கள் வரும். மறுநாள் ஒன்றும் வாராது. ஆகவே கப்பல்துறைக் கம்பெனிகள் நிரந்தரத் தொழிலாளரைச் சிலராகவே வைத்துக்கொண்டு, எஞ்சியோரை அன்றன்று, சில வேளைகளில் மணிக்கணக்கில், அமர்த்திக்கொண்டன.

அமர்த்தும் முறை கொடியதாயிருந்தது. விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் வாயிலில் கூடி நிற்பர். மேஸ்திரி வந்து தமக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டு எடுப்பார். அவருடைய கண்ணில் பட வேண்டி மனிதர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி நெருக்கினர். எடுபடாதவர்கள், பகலில் மற்றொரு கப்பல் வரக்கூடும் என்னும் நம்பிக்கையில் அங்கேயே காத்து நின்றனர். 1849-50 ஆண்டுகளில் ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர் இக்காட்சியை நேரில் கண்டு எழுதினார். சார்லஸ் பூத் கிழக்கு லண்டன் மக்களைக் குறித்து ஆராய்ந்து 1889-இல் வெளியிட்ட நூலில், பிற்காலத்தில் பியாட்ரிஸ் வெப் என அறியப்பட்ட பியாட்ரிஸ் பாட்டர், கப்பல்துறைகளைப் பற்றிய பகுதியை எழுதினார்.

இங்கே ஒரு கணக்கை நாம் கவனிக்க வேண்டும். கப்பல் தாமதமின்றித் திரும்ப வேண்டுமானால் வாயிலில் எந்நேரமும் ஆள்கள் மிகுதியாக நிற்க வேண்டும். அம்மிகுதியால் பயன் அடைந்தவர்கள் கப்பல் முதலாளிகளும் கம்பெனிகளும். அதன் செலவைச் சுமந்தவர்களோ நின்றவர்களும் அவர்களுடைய மனைவி மக்களுமே. உழைத்த மணிக்குக் கூலி இருந்தது. காத்திருந்த மணிக்குக் கூலி இல்லை.

2. 1889 முதல் 1989 வரை

1889 ஆகஸ்டு 14-ஆம் நாள், 'லேடி ஆம்ஸ்ட்ராங்' என்னும் கப்பலின் சரக்கை இறக்கியதற்கான ஊக்கத்தொகையைப் பற்றி எழுந்த சச்சரவில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி வேண்டும் என்பது முதற்கோரிக்கை. அதனோடு, ஒருவரை அமர்த்தினால் குறைந்தது நான்கு மணி நேரத்திற்காவது அமர்த்த வேண்டும் என்று அவர்கள் கேட்டதை நாம் கருத்தூன்றிக் காண வேண்டும். காத்திருப்பின் பாரத்தில் ஒரு பங்கை முதலாளியும் சுமக்கட்டும் என்பதே அதன் பொருள். ஆஸ்திரேலியத் தொழிலாளர் ஏறத்தாழ 30,000 பவுன் அனுப்பி உதவியதனால் வேலைநிறுத்தம் பட்டினியால் முறியாமல் நிலைத்தது.

திருச்சபையின் பங்கும் இங்கே குறிப்பிடத்தக்கது. இரட்சணிய சேனையார் வேலைநிறுத்தக்காரருக்குக் குறைந்த விலையில் உணவு கிடைக்கச் செய்தனர். லண்டன் மேயர் அமைத்த சமாதானக் குழுவில் ஆங்கிலிக்கன் பேராயர் பிரெடரிக் டெம்பிளும், ரோமன் கத்தோலிக்கக் கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங்கும் இடம்பெற்றனர். பேச்சுவார்த்தை தடைபட்டபோது பேராயர் டெம்பிள் விலகிக்கொண்டார். மானிங்கோ அப்போது 81 வயது நிரம்பிய முதியவராயிருந்தும், கம்பெனி இயக்குநர்களிடமும் தொழிலாளரிடமும் மாறி மாறிச் சென்றார். பாப்லர் பகுதியில் வேலைநிறுத்தக் குழுவினரை நேரில் சந்தித்து, அவர்கள் ஒப்பும்படி பேசி முடித்தார். செப்டம்பர் 16-ஆம் நாள் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். ஆறு பென்ஸ் கூலி கிடைத்தது. சீர்திருத்தச் சபையாராகிய நாம் இதனைச் சற்று நாணத்தோடு நினைவுகூருவது தகும். குழுவில் இடம்பெறுதல் ஒன்று. இறுதிவரை உடன் நிற்றல் வேறொன்று.

கூலி உயர்ந்ததேயொழிய, வாயிலில் கூப்பிட்டெடுக்கும் வழக்கம் அன்றே ஒழிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1947-இல் தேசியக் கப்பல்துறைத் தொழிலாளர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயர் பதிந்த தொழிலாளி வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே, வேலை இல்லாத வேளைக்கும் ஒரு தொகை பெற்றார். காத்திருப்பும் உழைப்பின் பகுதியே என்பதைச் சட்டம் அங்கே ஒப்புக்கொண்டது. அன்றாடக் கூலி முறை 1967-இல்தான் அடியோடு நீங்கிற்று. 1889-இன் வேலைநிறுத்தத்திலிருந்து கணக்கிட்டால் 78 ஆண்டுகள்!

வரலாற்றின் விந்தை என்னவெனில், அம்முறை ஒழிந்த அதே காலத்தில் அத்தொழிலே மறையத் தொடங்கியது. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் சரக்குகளை இரும்புப் பெட்டகங்களில் அடைத்துக் கப்பலேற்றும் முறையைத் தொடங்கி வைத்தார். பலதரப்பட்ட மூட்டைகளையும் பீப்பாய்களையும் கப்பல் சாயாதபடி அடுக்குவது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு கலை. பெட்டகம் வந்தபின் அக்கலைக்கு வேலையில்லாமற் போயிற்று. நகரை அடுத்த துறைகள் 1967 முதல் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1981-இல் கடைசித் துறையும் மூடப்பட்டது. 1947-இன் திட்டம் 1989-இல், அதாவது பெரிய வேலைநிறுத்தத்தின் நூற்றாண்டில், நீக்கப்பட்டது. மேற்கிந்தியக் கப்பல்துறை இருந்த இடத்தில் இன்று கேனரி வார்ஃப் என்னும் வங்கி மாளிகைகள் நிற்கின்றன. அம்மாளிகைகளிலிருந்து வெளிவருகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களின் வரலாற்றுக்கு இனித் திரும்புவோம்.

3. 'நாலெட்ஜ்' என்னும் தேர்வு

லண்டனின் வாடகை வண்டித் தொழில் மிகப் பழைமையானது. 1634-இல் ஸ்ட்ராண்ட் வீதியில் முதல் வண்டி நிறுத்தம் ஏற்பட்டது. 1654-இல், குரோம்வெல் ஆட்சியில், வண்டிக்காரரை ஒழுங்குபடுத்தும் கட்டளை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அத்தொழில் காவல்துறையின் மேற்பார்வைக்கு வந்தது. 1851-ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அயலார், வண்டிக்காரருக்கு வழி தெரியவில்லை என முறையிட்டனர் என்பர். 1865 அளவில் ஒரு தேர்வு ஏற்பட்டது. அதற்கு வழங்கும் பெயர் 'நாலெட்ஜ்', அதாவது 'அறிவு' என்பதே.

இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர், சேரிங் கிராஸ் என்னும் நடுவிடத்தைச் சுற்றி ஆறு மைல் எல்லைக்குள் அடங்கிய ஏறத்தாழ 25,000 தெருக்களையும், அவற்றிலுள்ள மருத்துவமனை, நீதிமன்றம், ஆலயம், நாடகசாலை, விடுதி முதலியவற்றையும் மனத்தில் பதிக்க வேண்டும். அதற்கென 320 வழித்தடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. மேனர் ஹவுஸ் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை செல்வது முதல் வழித்தடம். பயில்வோர் சிறு மோட்டார் சைக்கிளில் ஏறி, கைப்பிடியின்மேல் பட்டியலைப் பொருத்திக்கொண்டு, மழையிலும் பனியிலும் தெருத்தெருவாகச் சுற்றுவர். வீடு திரும்பியபின் இருவர் எதிரெதிரே அமர்ந்து, எந்தத் தெருவில் புறப்பட்டு எங்கே இடப்புறம் திரும்பி எங்கே சேர்வது என்பதை வாய்விட்டு ஒப்புவிப்பர். திண்ணைப் பள்ளியில் பாடம் ஒப்புவித்த நம் முன்னோரையும், வினாவிடை பயின்ற நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் இது நினைப்பூட்டும். தேர்வாளர் முன் கோட்டு அணிந்து சென்று அமர்ந்து வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். முதலில் 56 நாள்களுக்கு ஒருமுறை, தேர்ச்சி கூடக்கூட 28, 21 நாள்களுக்கு ஒருமுறை என இத்தேர்வு தொடரும். மூன்று, நான்கு ஆண்டுகள் உழைத்தபின் கிடைப்பது ஒரு பச்சை வில்லை.

இப்பயிற்சி மனிதனின் உடலிலேயே தடம் பதித்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நரம்பியல் அறிஞர் எலனோர் மக்வயர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், டாக்சி ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பின்பகுதி பிறருடையதை விடப் பெரிதாயிருந்ததைக் காட்டினார். இயல்பிலேயே பெரிதாக அமைந்தவர்கள்தாம் அத்தொழிலுக்கு வந்தனரோ என்னும் ஐயம் எழுந்தது. 2011-இல் அவரும் கேத்தரின் வூலெட்டும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அதற்கு விடை தந்தது. பயிற்சி தொடங்கிய 79 பேரைப் பின்தொடர்ந்ததில் 39 பேர் தேறினர். தேறியவர்களிடம் மட்டுமே அவ்வளர்ச்சி காணப்பட்டது. திறமை என்பது கையில் பிடிக்கும் கருவி மட்டுமன்று; மனிதனையே உருமாற்றுவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

ஆயினும் அத்தேர்வை அளவுக்கு மீறிப் புகழ்தல் தகாது. அது வழிகாட்டிய விளக்கு மட்டுமன்று, வழியடைத்த மதிலுமாகும். மூன்று ஆண்டுகள் வருவாயின்றிப் பயில எல்லாராலும் இயலுமோ? அண்மையில் குடியேறியவருக்கும் கைக்குழந்தையுடைய தாய்மாருக்கும் அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. டாக்சி வாடகையும் எளியோர் தாங்கத்தக்கதாயில்லை. 1961 முதல் 'மினிகேப்' என்னும் மலிவான வாடகைக் கார்கள் பெருகியதற்கு இதுவே காரணம்.

4. அறிவு இடம் பெயர்ந்தது

அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள்களின் வழிகாட்டும் குறிப்புகளைப் பொதுமக்களுக்கு மங்கலாகவே தந்துவந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மறைப்பு நீக்கப்பட்டது. 2007-க்குப் பின் அக்குறிப்புகளை வாங்கும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புகுந்தது. 2009-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஊபர் கம்பெனி, 2012-இல் லண்டனுக்கு வந்தது. நான்கு ஆண்டு மனனத்திற்கு ஈடாக ஒரு திரையில் நீலக்கோடு ஒன்று தோன்றிற்று.

இம்மாற்றத்தை வெறும் கருவி மாற்றம் என்று கொள்வது பிழை. முன்னர் அறிவு ஓட்டுநரின் தலைக்குள் இருந்தது. எந்த முதலாளியும் அதனைப் பறிக்க முடியாது. மற்றோரிடம் சென்றாலும் அது அவரோடு சென்றது. இன்று அவ்வறிவு கம்பெனியின் கணிப்பொறிகளில் இருக்கிறது. மேலும், ஓட்டுநர் செய்யும் ஒவ்வொரு சவாரியும், எத்தெருவில் எந்நேரம் நெரிசல், எவ்விடத்தில் எவ்வேளை பயணிகள் மிகுதி என்னும் செய்திகளாக மாறி அக்கணிப்பொறிகளுக்கே சென்று சேர்கிறது. அவர் கற்றுக்கொள்வதை விடக் கம்பெனி அவரிடமிருந்து கற்றுக்கொள்வதே அதிகம். பத்தாண்டு ஓட்டியவருக்கும் நேற்று வந்தவருக்கும் வாடகையில் வேறுபாடு இல்லாமைக்கு இதுவே அடிப்படை.

திறமை இயந்திரத்துக்குப் போயிற்று; காத்திருப்போ மனிதனிடமே தங்கிற்று. பயணி பொத்தானை அழுத்திய மூன்று நிமிடங்களில் கார் வந்து நிற்க வேண்டுமானால், அக்கம்பக்கத்துத் தெருக்களில் எப்பொழுதும் சில கார்கள் வெறுமையாய் நின்றாக வேண்டும். அவ்வாறு நிற்பவருக்குக் கூலி இல்லையாதலால், எத்தனை பேர் நின்றாலும் கம்பெனிக்கு இழப்பில்லை. கப்பலுக்காக வாயிலில் கூட்டம் நிறுத்தப்பட்ட பழைய கணக்குத்தான் இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கப்பல்துறைக் கூலிகள் ஒரே வாயிலில் ஒருவரையொருவர் கண்டு நின்றனர்; ஆகையால் ஒன்றுகூட முடிந்தது. செயலி ஓட்டுநரின் வாயில் அவரவர் கைக்குள் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நிற்பவர் யார் என்பதையும் அவர் அறியார். மேஸ்திரியின் முகமும் தெரிவதில்லை.

இதன் நன்மைகளையும் மறுத்தலாகாது. புதிதாகக் குடியேறிய பல்லாயிரவர் சில வாரங்களில் வருவாய் தேட வழி பிறந்தது. டாக்சிகள் செல்ல விரும்பாத புறநகர்களுக்கும் நள்ளிரவில் வண்டி கிடைத்தது. பழைய தொழிலாளரோ தங்கள் முதலீட்டை இழந்தவர்களாய் உணர்ந்தனர். 2014 ஜூன் 11-ஆம் நாள் கறுப்பு டாக்சிகள் பல்லாயிரம் நடுநகரில் நின்று போக்குவரத்தை முடக்கின. அவ்வாண்டில் ஏறத்தாழ 25,000 ஆக இருந்த உரிமம் பெற்ற டாக்சி ஓட்டுநர் தொகை, அடுத்த பத்தாண்டுகளில் 18,000 அளவுக்குக் குறைந்தது.

5. நீதிமன்றத்தின் தீர்ப்பு

ஊபர் கம்பெனி தன்னை வண்டிக் கம்பெனி என்று கூறிக்கொள்ளவில்லை. ஓட்டுநர் ஒவ்வொருவரும் தனித் தொழில் நடத்துபவர்; தான் அவருக்கும் பயணிக்கும் இடையே பதிவு செய்து கொடுக்கும் முகவர் மட்டுமே என்றது. ஓட்டுநர் சிலர் இதனை எதிர்த்து வழக்காடினர். 2016-இல் தொழில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்து ஒவ்வொரு படியிலும் தோற்றது. 'ஊபர் எதிர் அஸ்லாம்' என்னும் இவ்வழக்கில் 2021 பிப்ரவரி 19-ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புக் கூறியது.

ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதை விட, நடைமுறையில் யாருக்கு யார்மீது அதிகாரம் இருக்கிறது என்பதையே நோக்க வேண்டும் என நீதிபதி லெகாட் பிரபுவின் தீர்ப்பு விளக்கிற்று. வாடகையை விதிப்பது கம்பெனி. ஒப்பந்த விதிகளை வகுப்பதும் கம்பெனி. சவாரியை அடிக்கடி மறுப்பவரைச் செயலியிலிருந்து தள்ளிவைப்பது கம்பெனி. பயணியர் தரும் நட்சத்திரங்களைக் கொண்டு ஓட்டுநரை நீக்குவது கம்பெனி. ஓட்டுநரும் பயணியும் தொடர்ந்து பழகாதபடி தடுப்பதும் கம்பெனி. இவ்வைந்தையும் எடுத்துக்காட்டி, அவர்கள் சட்டத்தின் நோக்கில் 'தொழிலாளர்' என்னும் வகையைச் சேர்ந்தவர்கள். குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறை ஊதியமும் பெற உரியவர்கள் என்று நீதிமன்றம் முடிவுகட்டியது. அதனினும் முக்கியமானது மற்றொன்று: உரிமம் பெற்ற எல்லைக்குள் செயலியைத் திறந்து வைத்து, சவாரிக்கு ஆயத்தமாய் இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்றது தீர்ப்பு. 1947-இல் கப்பல்துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை மீண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அடுத்த மாதமே கம்பெனி பிரிட்டனிலுள்ள தன் 70,000-க்கு மேற்பட்ட ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் விடுமுறை ஊதியமும் ஓய்வூதியப் பங்கும் அளிப்பதாக அறிவித்தது. ஆனால் குறைந்தபட்ச ஊதியத்துக்குரிய நேரத்தைச் சவாரியை ஏற்ற வேளையிலிருந்தே கணக்கிட்டது. காத்திருக்கும் நேரம் மறுபடியும் வெளியே நின்றது. தீர்ப்பு வந்த பின்னரும் வாயிலைக் கடப்பது எளிதன்று என்பதை இது உணர்த்துகிறது.

6. நம் நாட்டில்

இம்முறை நம் நகரங்களுக்கும் வந்துவிட்டமையால் நம் நாட்டுச் சட்டத்தையும் சுருக்கமாகக் காண்போம். 2022-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் என்றும், 2029-30-இல் 2.35 கோடி ஆகக்கூடும் என்றும் மதிப்பிட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தளம் வழியாக வேலை செய்வோரைத் தனியாகப் பெயரிட்டு, கம்பெனிகள் தங்கள் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை அவர்கள் நலனுக்குச் செலுத்த வழி வகுத்தது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2023-இல் ராஜஸ்தான் மாநிலம் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் இவர்களுக்கு நலவாரியம் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இவை விபத்து, நோய், முதுமை ஆகியவற்றுக்கான நலன்களைச் சார்ந்தவை. நின்ற நேரம் யாருடையது என்னும் வினாவுக்கு இங்கு இன்னும் விடை இல்லை.

7. திருமறையின் ஒளியில்

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டத்து உவமையை நாம் கிருபையின் உவமையாகப் பிரசங்கிக்கிறோம். அது சரியே. அது பரலோக ராஜ்யத்தைப் பற்றியதேயன்றித் தொழிற்சட்டம் அன்று. ஆயினும் ஆண்டவர் அவ்வுவமைக்கு எடுத்துக்கொண்ட களம், கூலிக்குக் காத்து நிற்கும் சந்தைவெளி என்பதை நாம் கடந்து செல்கிறோம். பதினோராம் மணி வேளையில் நின்றவர்கள், தங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்று காரணம் கூறுகின்றனர். வீட்டெஜமான் அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்ளவில்லை. ஒரு குடும்பத்தின் ஒருநாள் அப்பத்துக்குப் போதுமான வெள்ளிக்காசை அவர்களுக்கும் கொடுக்கிறார். அவர் ஒரு மணி நேர உழைப்பை மட்டும் எண்ணவில்லை. காத்திருந்த பகலையும் எண்ணினார் என்று கொள்ளலாம் அன்றோ?

உபாகமம் 24:14,15 கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிடக் கட்டளையிடுகிறது. எளியவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்பதே அங்கு காட்டப்படும் காரணம். அவன் வேலையின் அளவன்று. இனி, யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலின் கைத்திறமை தேவ ஆவியின் ஈவாகச் சொல்லப்படுகிறது. அவ்வாறாயின், ஒரு தலைமுறையின் திறமை கணிப்பொறிக்குள் வாங்கப்பட்டு, அதனைத் தந்தவர்களுக்குப் பங்கின்றிப் போவது வெறும் பொருளாதாரச் செய்தியன்று. இறையியலார் ஆராய வேண்டிய செய்தியுமாகும்.

போதகர்களாகிய நாம் செய்யத்தக்கவை என்ன? கர்தினால் மானிங் செய்த அளவுக்கு நாம் செய்வதற்கு வாய்ப்பு அமையாதிருக்கலாம். ஆனால் முகமறியாத மேஸ்திரியின்கீழ்த் தனித்தனியே நிற்பவர்கள் ஒருவரையொருவர் காண்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஆலயத்தின் திண்ணை அதற்குப் பயன்படக் கூடாதா? இரவு பதினொரு மணிக்கு உணவுப் பையோடு தெருவோரம் அமர்ந்திருக்கும் வாலிபருக்கு, ஆலய வளாகத்தில் தண்ணீரும் கழிப்பிடமும் திறந்து வைத்தல் பெருஞ்செலவன்று. நலவாரியத்தில் பெயர் பதிந்துகொள்ள உதவுதல் நம் வாலிபர் சங்கங்களுக்கு ஏற்ற தொண்டு. ஆராதனை நடுவே செல்பேசியைப் பார்க்கிறவரைக் கடிந்துகொள்ளுமுன், அவர் வேடிக்கை பார்க்கிறாரா, வாயிலில் நிற்கிறாரா என்று அறிந்துகொள்ளுதல் மேய்ப்பனுக்கு அழகு. இறையியல் மாணவர், தங்கள் களப்பணியில் இவர்களுடைய ஒரு முழுநாளை உடனிருந்து காண்பாராயின், மத்தேயு 20-ஐ வேறு கண்களோடு வாசிப்பர்.

லண்டன் வரலாறு நமக்கு எளிய ஆறுதலைத் தருவதில்லை. காத்திருப்புக்கு மதிப்புத் தேட 78 ஆண்டுகள் ஆயின. தேடிப் பெற்ற வேளையில் பெட்டகம் வந்து வாயிலையே அப்புறப்படுத்திற்று. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் கார்கள் சில அமெரிக்க நகரங்களில் இப்போதே பயணிகளை ஏற்றுகின்றன. எனினும் கூலியின்றி நிற்பது இயற்கையின் நியதியன்று, மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றினர் என்பதும் அதே வரலாறு காட்டும் உண்மையே.

அன்று பதிவேட்டில் நாம் 'ஓட்டுநர்' என்றே எழுதினோம். மணமகன் அதனைக் குனிந்து வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். திருமணத்தின் மூன்றாம் நாளே அவர் மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்று அவருடைய தாயார் நம்மிடம் கூறினார்.